ஒரு நடைக்கு ஏங்கிய கோடு

ஒரு ஊரில் ஒரு பெரிய ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவே, ரோட்டுக்குக் குறுக்காக, ஒரு வெள்ளைக்கோடு படுத்துக் கிடந்தது. ஒரு கோடு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அது பட்டை பட்டையாகப் பல கோடு. ஜனங்கள் நடந்து கடக்கட்டும் என்று சர்க்கார் போட்டது. படித்தவர்கள் அதை ஜீப்ரா என்பார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அப்படி ஒன்று கிடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பெயிண்ட் ஈரம் காயாத முதல் நாள், கோடு தனக்குக் கீழே கிடந்த தார் ரோட்டைக் கேட்டது:

"ரோட்டண்ணே, என்னை எதுக்கு இங்கன போட்டிருக்காங்க?"

"ஒம் மேல ஜனங்க நடப்பாங்க. அப்பம் வண்டிக்காரங்க நிப்பாங்க. அதான் ஒனக்கு ஜோலி."

"சும்மாவே நிப்பாங்களா? ஒருத்தரும் அடிக்காம, பிடிக்காம?"

"அப்படித்தான் சட்டத்துல இருக்காம்" என்று சொல்லிவிட்டு ரோடு இருமியது. புகையிலேயே கிடக்கிற ரோட்டுக்கு எப்போதும் இருமல்தான்.

கோடு அதை நம்பிவிட்டது. பாவம், புதுக்கோடு! தன் மேல் ஒரு பாதம் பதியும், அடுத்த பாதம் அவசரமில்லாமல் வந்து ஊன்றும், வண்டிகளெல்லாம் இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று கோடு கற்பனை செய்துகொண்டது. அதற்காக உடம்பைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு காத்திருந்தது.

கால்கள் வராமலா இருந்தன? வந்தன, வந்தன, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வந்தன. ஆனால் ஒன்றுகூட நடக்கவில்லை, அத்தனையும் ஓடின. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடின. சேலைக் கொசுவத்தை அள்ளிக்கொண்டு ஓடின. கைக்குழந்தையை மாராப்போடு இறுக்கிக்கொண்டு ஓடின. ஓடுகிற கால் கோட்டின் மேல் நுனிவிரலைத்தான் வைக்கும், முழுப்பாதம் பதியாது. எத்தனையோ ஆயிரம் பேர் தன்னைக் கடந்தும், ஒரு பாதத்தின் முழுக்கனம் எப்படி இருக்கும் என்று கோட்டுக்குத் தெரியாமலே போயிற்று.

"ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, ஓடாம நடந்து போனாப் போதும்" என்று கோடு ஏங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள். கோட்டுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் சம்பூரணம் வந்தாள்.

சம்பூரணத்துக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். அவள் புருஷன் பால்துரை லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். ஏற்றிக்கொண்டிருக்கும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது எதிர்த்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். ஆள் பிடிவாதக்காரன். ஆஸ்பத்திரி ரொட்டியைத் தொடமாட்டான், அவள் கையால் கஞ்சி வந்தால்தான் குடிப்பான், அது உள்ளே போனால்தான் மாத்திரை. மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

சம்பூரணம் தூக்குச்சட்டியோடு முதல் பட்டையின் ஓரத்தில் வந்து நிற்பாள். கம்பை ஊன்றி ஒரு அடி வைப்பாள். 'பாம்'மென்று ஒரு வண்டி வரும். பின்னால் எடுத்துக்கொள்வாள். மறுபடி வைப்பாள். மறுபடி எடுத்துக்கொள்வாள்.

"வாங்கக்கா, கையப் பிடிச்சுக்கிடுங்க, ஒரே ஓட்டமா ஓடிருவோம்" என்று கூட நிற்பவர்கள் கூப்பிடுவார்கள். நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஓடத் தெரிந்த கால் அவளுக்கு இருந்தால் அவள் ஏன் இங்கே நிற்கிறாள்?

நின்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, பாலத்துப் பக்கம் திரும்பிவிடுவாள். தூரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. அதன் அடியில் புகுந்து, சாக்கடையைத் தாண்டி, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நல்ல கால்காரனுக்கே அது நாக்குத் தள்ளுகிற தூரம். அவள் போய்ச் சேர்வதற்குள் கஞ்சி ஆறிவிடும். பாதி நாள் கேட்டும் சாத்திவிடும்.

அவள் திரும்பிப் போகும்போதெல்லாம் கோட்டுக்கு அழுகை வரும். இந்த ஊரில் தன் மேல் நடந்து போகக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ஏனென்றால் அவளால் ஓட முடியாது. அவளைக்கூடத் தன்னால் அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விட முடியவில்லை என்றால், பிறகு கோடு என்ன கோடு? சுண்ணாம்புக் கறைதானே?

கோட்டுக்கு ஒரு சிநேகிதம் உண்டு. இசக்கிராஜ் ஓட்டுகிற மினிபஸ்ஸின் பிரேக்தான் அது. பஸ் பறக்கிற வேகத்தில் ஒரு வார்த்தை பேசத்தான் நேரம் இருக்கும். அதனால் அவர்கள் பேச்சு தவணை முறையில் நடக்கும்.

"நீயாவது நிக்கக் கூடாதா?" என்று காலையில் கோடு கேட்கும். பஸ் போய்விடும்.

"நான் எங்க நிக்க? அவன் மிதிக்கணும்லா!" என்று பிரேக் திரும்பி வருகிற டிரிப்பில் பதில் சொல்லும்.

"மிதிக்கவே மாட்டானா?"

"நல்லா மிதிப்பான். போலீஸக் கண்டா மிதிப்பான். எதிர்க்க லாரியக் கண்டா மிதிப்பான்." அத்தோடு பஸ் போய்விட்டது. மீதி மறுநாள் வந்தது. "ஒரு ஆளு போகட்டுமேன்னு, மெதுவா, பதனமா ஒரு மிதி? அதுக்கு நானும்தான் ஏங்கிக் கிடக்கேன். அவன் கைக்கு ஹாரன்தான் செல்லப்பிள்ளை."

இரண்டு ஏக்கங்கள் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று ஆறுதலாக இருக்கும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. இரண்டு மடங்கு ஏக்கமாகத்தான் இருக்கும்.

கோடு யோசித்தது. கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகத்தடை கூனிக்கொண்டு படுத்திருந்தது. அதன் கிட்டே வந்தால் எப்பேர்ப்பட்ட வண்டியும் பூனைமாதிரி ஏறி இறங்கும். கோடு அதைக் கூப்பிட்டுக் கேட்டது:

"ஒங்கிட்ட மட்டும் எல்லாரும் இவ்வளவு மரியாதையா நடந்துக்கிடுதாங்களே, என்ன சொக்குப்பொடி போட்ட?"

வேகத்தடைக்குப் பெருமை தாங்கவில்லை. "சொக்குப்பொடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அடி உதவுத மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். வேகமா வந்தியா, இடுப்ப ஒடிப்பேன். நீ தரையோட தரையாக் கிடந்துக்கிட்டு 'நில்லுங்கய்யா'ன்னா எவன் நிப்பான்?"

"அப்பம், பிள்ளைங்க ரோடு கடக்கட்டும்னு அவங்க மெதுவாப் போகலியா?"

வேகத்தடை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "பிள்ளைங்களா? நல்லாக் கேட்ட போ! வண்டி ஸ்பிரிங் உடையக் கூடாதுன்னு போறாங்க. எங்கிட்ட மெதுவா இறங்கினதும் அந்தக் கோவத்துல ரெண்டு மடங்கு முறுக்குவாங்க. இன்னொண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாத. என் ஓரத்துல கொஞ்சம் சந்து இருக்கு. பைக்குக்காரன் பூராவும் அது வழியாத்தான் போறான்."

பிறகு ஒருநாள், கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆள் இல்லை, அட்டை. அச்சு அசல் மனுஷன் உயரம், வெள்ளைச் சட்டை, தொப்பி, கையை நீட்டி 'நில்' என்கிற பாவனை.

அடடா, அன்றைக்குக் காலையில் பார்க்க வேண்டுமே! தூரத்திலேயே அவரைக் கண்டுவிட்டு, டேங்க் மேல் கிடந்த ஹெல்மெட்டெல்லாம் மண்டைக்கு ஏறின. முழங்கையில் தொங்கியவையும் ஏறின. எதிரே வந்தவர்கள் 'மாமா நிக்காரு' என்று லைட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டே போனார்கள். வண்டிகள் கோட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றன. கோட்டுக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சம்பூரணம் வரட்டும், வரட்டும் என்று கரையையே பார்த்தது.

அவள் வருவதற்குள் இசக்கிராஜின் பஸ் வந்துவிட்டது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் முப்பிடாதிக்குக் கழுகுக் கண். படியில் தொங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது அட்டையில்லா!" என்று கத்தினான். குதித்து இறங்கி, போலீஸ்காரர் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு. அவர் 'கடகட'வென்று ஆடினார். ரோடு முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான், நின்றிருந்த வண்டியெல்லாம் ஏமாந்த நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரிப் பறந்தது.

சாயங்காலம் அட்டைப் போலீஸ்காரரின் நீட்டின கையில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

"வருத்தப்படாதீங்க சார்" என்றது கோடு.

"எனக்கென்ன வருத்தம்? அட்டைன்னு தெரிஞ்சதும் போயிட்டான். நெசப் போலீஸா இருந்தா அவரு டீ குடிக்கப் போனதும் போவான். ரெண்டுக்கும் ஒரு டீதான் வித்தியாசம்" என்றார் அவர்.

நாட்கள் போயின. சம்பூரணம் வந்து நிற்பதும், பாலத்துப் பக்கம் திரும்புவதுமாக இருந்தாள். பால்துரை மெலிந்துகொண்டே போகிறான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லி அழுதாள்.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. யாரோ தங்கள் வீட்டுத் திருஷ்டியைக் கழித்து, எலுமிச்சம்பழத்தை இரண்டாகப் பிளந்து, குங்குமம் தடவி, கோட்டின் நடுவிலே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மூடி மட்டும் சிவந்த வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தது.

முதலில் ஒரு கார் வந்தது. பழத்தைப் பார்த்ததும் 'கிரீச்'சென்று பிரேக் போட்டு, ஒதுங்கிப் போயிற்று. அடுத்து ஒரு ஆட்டோவும் ஒதுங்கிற்று. மணல் லாரி ஒன்று, மலைமாதிரி வந்தது, சுண்டைக்காய் அளவு பழத்துக்கு முன்னால் தயங்கி, டயரை ஒடித்து வளைத்துக்கொண்டு போயிற்று. இசக்கிராஜ்கூட நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

கோடு பழத்தைக் கேட்டது: "நீ யாரு தாயி? சாமியா?"

எலுமிச்சம்பழம் ஏளனமாகச் சிரித்தது. "என்னை மிதிச்சா அடுத்தவன் பீடை இவனுக்கு ஒட்டிக்கிடுமாம். அதான் இந்த நடுக்கம். மனுசனை ஏத்திட்டுப் போனாலும் போவான், என்னை ஏத்த மாட்டான்!"

இதைக் கோடு மட்டும் பார்க்கவில்லை. ஓரத்தில் தூக்குச்சட்டியோடு நின்ற சம்பூரணமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் பாலத்தைச் சுற்றிப் போகும்போது முகத்தில் ஒரு யோசனை இருந்தது.

மறுநாள் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். வீட்டிலேயே பிளந்து குங்குமம் அப்பிக் கொண்டுவந்திருந்தாள். "முப்பிடாதி அம்மன் தாயே, தப்பா நெனைக்காத, எனக்கு வேற வழி தெரியல" என்று முணுமுணுத்துவிட்டு, அதைக் கோட்டின் மேல் உருட்டிவிட்டாள்.

உருண்டு வந்த பழம் நடுநடுங்கிக்கொண்டிருந்தது. "ஐயையோ, நான் ஊறுகாய்க்கு வாங்கின பழமாக்கும்! எனக்கு இந்த வேலையெல்லாம் பழக்கமில்ல!"

"சத்தம் போடாத. நீ சும்மாக் கிட, போதும்" என்றது கோடு. அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்குக் கண்டிப்பாக நடக்கும். இன்றைக்கு அவள் நடப்பாள்.

தூரத்தில் மினிபஸ் வந்தது. டிரைவர் பழத்தைப் பார்த்துவிட்டான் என்று சம்பூரணத்துக்குத் தெரிந்தது. நின்றுவிடுவான் என்று நம்பி, கம்பை ஊன்றி இறங்கினாள். ஒரு அடி, இரண்டு அடி.

இசக்கிராஜ் பழத்தைத்தான் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. நிற்கவும் இல்லை. பழத்துக்கு ஒதுங்கி, இடது பக்கமாக வளைத்தான். இடது பக்கம்தான் அவள் வந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் கம்பைத் தட்டிவிட்டது. நல்ல காலம், கம்பைத்தான் தட்டியது. சம்பூரணம் குப்புற விழுந்தாள். தூக்குச்சட்டி உருண்டு, கஞ்சி கோடு முழுக்கக் கொட்டியது.

"ஐயோ, பாவிகளா!" என்று யாரோ கூப்பாடு போட்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளி பஸ் நின்றது. இசக்கிராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, கூட்டம் சேருது. எடுங்க, எடுங்க" என்று முப்பிடாதி விசிலை இரண்டு தடவை ஊதினான். பஸ் போய்விட்டது. டீக்கடைக்காரர் ஓடிவந்து சம்பூரணத்தைத் தூக்கி உட்காரவைத்தார். முழங்கையில் தோல் வழண்டிருந்தது. அவள் கையைப் பார்க்கவில்லை, கொட்டின கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு அன்றைக்குத்தான் ஒரு மனுஷக் கனத்தை முழுதாகத் தன் மேல் உணர்ந்தது. கேட்டது ஒரு நடை. கிடைத்தது ஒரு விழுகை. இதற்காகவா இத்தனை நாள் ஏங்கினேன் என்று கோடு துடித்தது.

ஊறுகாய்ப் பழம் விசும்பிக்கொண்டே சொன்னது: "நான் ஒண்ணும் பண்ணல. என்னைப் பாத்து அவங்க ஒதுங்கத்தான் செஞ்சாங்க. யாருமே நிக்கல."

அதற்குப் பிறகு சில நாள் சம்பூரணம் அந்தப் பக்கமே வரவில்லை. விடிந்ததும் நேராகப் பாலத்து வழியே போகிறாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பிரேக்கும் பேசுவதை நிறுத்திவிட்டது. பஸ் கடக்கும்போது அது வெட்கப்பட்டுக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்ளும். இசக்கிராஜும் அந்த இடம் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஒருநாள் மத்தியானம், பாலத்தடியில் தண்ணீர் தேங்கி வழி அடைத்துவிட்டது. சம்பூரணம் வேறு வழியில்லாமல் கோட்டின் ஓரத்துக்கே வந்தாள். முழங்கையில் கட்டு. மடியில் பழம் கிடையாது. கையில் தூக்குச்சட்டியும் கம்பும்தான். அன்றைக்குப் போலீஸ் இல்லை. அட்டைப் போலீஸ்காரரும் மழையில் ஊறி மடிந்து கிடந்தார்.

மினிபஸ் வந்தது.

அந்த பஸ்ஸைச் சம்பூரணத்துக்குத் தெரியாதா? வைத்த ஒரு அடியையும் வாரி எடுத்துக்கொண்டு, சேலையை ஒதுக்கி, கம்பை ஒதுக்கி, சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து நின்றுகொண்டு, 'நீங்க போங்க, போயிருங்க' என்று கையைக் காட்டினாள். கோடு அவளுடையது. ஆனாலும் அவள்தான் வழிவிட்டாள்.

இசக்கிராஜ் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்துவிட்டான். அவள் ஒதுங்குவதைப் பார்த்துவிட்டான்.

"இது என்னது?" என்று பிரேக் திடுக்கிட்டது. யாரோ தன்னை மிதிக்கிறார்கள். அவசரமில்லை, கோபமில்லை. மெதுவாக, பதனமாக. பஸ் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, செக்கிங்கா?" என்று முப்பிடாதி எட்டிப் பார்த்தான்.

"இல்ல."

"டயர் போயிட்டா?"

"இல்லடே."

"பிறவு? எவனும் எதையும் கழிச்சுப் போட்டிருக்கானா?"

"ஒண்ணும் கெடக்கல" என்றான் இசக்கிராஜ். "அந்த யக்கா என்னைப் பாத்து எப்படி ஒதுங்குது பாத்தியா? அன்னைக்கு அந்தப் பழத்தப் பாத்து நான் இப்படித்தானடே ஒதுங்கினேன். அப்பம் நான் யாருடே? மனுசனா, கழிச்சுப் போட்டதா?"

முப்பிடாதி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"ஏ டிரைவரு, உச்சிக்கால பூசைக்குப் பூ கொண்டு போறேன், வாடுதுய்யா!" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மாள் கத்தினாள். பின்னால் ஹாரன்கள் அலறின. இசக்கிராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"யக்கா, நீங்க போங்க."

"இல்ல அண்ணாச்சி, நீங்க போங்க. ஒங்களுக்கு டைம் ஆயிரும்லா."

"டைம் கெடக்கு. நீங்க நடங்கக்கா. நான் நிக்கேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? கம்பை எடுத்துக் கோட்டில் வைத்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கால் வைத்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

நடந்தாள்.

கோட்டுக்கு மூச்சே நின்றுவிட்டது. முதலில் கம்பின் முனை. பிறகு சூம்பின காலின் மெல்லிய பாதம், பதிந்தும் பதியாமலும். பிறகு வலது பாதம், குதிகாலிலிருந்து விரல் வரைக்கும், முழுசாக, சூடாக. கனம் என்றால் இதுதானா? இவ்வளவு இதமாகவா இருக்கும்? ஒவ்வொரு பட்டையும் தன் முறை எப்போது வரும் என்று தவித்துக்கொண்டு கிடந்தது.

பாதி ரோடு வந்தாயிற்று. மறுபாதியில் எதிர்ப்பக்கத்து வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சம்பூரணம் நடுவில் நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

இசக்கிராஜ் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். அவள் பக்கத்தில் வந்து, "வாங்கக்கா, நானும் வாரேன்" என்றான். இரண்டு பேருமாக ஒரு அடி வைத்தார்கள். அப்போது ஒரு லாரி, காது கிழிய ஹாரனை அடித்துக்கொண்டு வந்தது.

இசக்கிராஜ் ஓடிவிட்டான்!

அவன் வேண்டுமென்று ஓடவில்லை. கால் தானாக ஓடிவிட்டது. ஒரே தாவில் அந்தக் கரைக்குப் போய், ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். திரும்பிப் பார்த்தால், லாரி போன புழுதியில், ரோட்டின் நடுவில், சம்பூரணம் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

வாழ்நாளெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து அவன் பார்த்த ரோடு வேறு. கீழே இறங்கி நின்றபோது அது வேறு ரோடாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, வண்டிகளுக்கு நடுவே புகுந்து திரும்பி அவளிடமே வந்தான்.

"மன்னிச்சுக்கிடுங்கக்கா. காலு தன்னால ஓடிட்டு."

அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதனால என்ன அண்ணாச்சி? ஓட முடிஞ்சா நானும் ஓடித்தான் இருப்பேன்."

"இனி ஓட மாட்டேன். ஒங்க நடைக்கே நடக்கேன்."

இந்தத் தடவை ஒரு கார் 'கிரீச்'சென்று நின்றது. அதன் பின்னால் ஒரு டிராக்டர். டிராக்டர்காரன் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாலே?" என்று கத்தினான். இசக்கிராஜ் தன் வாயால் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது! பதில் பேசாமல், அவள் கம்பு ஊன்றுகிற நேரம் நின்று, அவள் கால் எடுக்கிற நேரம் எடுத்து, பட்டை பட்டையாக நடந்தான். கோடு இரண்டு நடையையும் தாங்கியது. ஓடத் தெரிந்த பாதம் நடக்கும்போது அதற்கும் நல்ல கனம் இருக்கிறது என்று கண்டுகொண்டது.

வாட்ச்மேன் கேட்டில் கையை வைக்கப்போகிற நேரம் சம்பூரணம் உள்ளே நுழைந்துவிட்டாள். சட்டியின் மேல் இன்னும் சூடு இருந்தது.

இசக்கிராஜ் வந்து வண்டியை எடுத்தான். கடந்து போகும்போது பிரேக், "பாத்தியா, பாத்தியா!" என்று கூவிக்கொண்டே போயிற்று. கோடு சந்தோஷத்தில் பட்டை பட்டையாகப் பளிச்சிட்டது.

அப்புறம் ரோடு பழையபடி ரோடாயிற்று. கார் பறந்தது, பைக் பறந்தது, ஜனங்கள் ஓடினார்கள். சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, அந்த இடத்தில் பழைய ஏக்கமே வந்து உட்கார்ந்தது. பழையது என்று சொல்லக் கூடாது. முன்பு கோடு தான் அறியாத ஒன்றுக்கு ஏங்கியது. இப்போது அறிந்த ஒன்றுக்கு ஏங்கியது. அறிந்ததற்கு ஏங்குவது பொல்லாத ஏக்கம். ஒவ்வொரு பட்டையும் அந்தப் பாதத்தின் சூட்டை இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் கோட்டுக்கு உறைத்தது. கஞ்சி கொடுக்கப் போனவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே! இசக்கிராஜின் பஸ் இந்நேரம் எந்த ஊரில் இருக்கிறதோ?

ஆஸ்பத்திரிக் கேட் திறந்தது. காலிச் சட்டியோடு சம்பூரணம் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. பால்துரை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும். பாலத்துத் தண்ணீர் வடிந்துவிட்டது, அந்த வழியாகப் போகலாம் என்று வாட்ச்மேன் சொன்னார்.

"எதுக்குண்ணே சுத்திக்கிட்டு? இப்பம் நிறுத்துதாங்க" என்றாள் அவள்.

நேராக வந்தாள். ஓரத்தில் நிற்கவில்லை, இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கம்பைக் கோட்டின் மேல் ஊன்றி, காலை எடுத்து வைத்தாள்.

தூரத்தில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது.